பானட்டைத் திறக்காமல் ஈரலில் ஒரு வேலை

வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். அபுதாபியில், முசஃபாவில் பதினெட்டு வருடமாக நான் கார் மெக்கானிக். குனிந்தே நிற்கும் தொழிலில் எங்கே கனத்தாலும் வாயு என்றுதான் வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் பெருங்காயம் போட்ட மோர் குடித்தேன். கனம் போகவில்லை.

ஸ்கேன் எடுத்தவர் கிரிக்கெட் பேசிக்கொண்டே வந்தார். ஓரிடத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, அங்கேயே திரும்பத் திரும்பத் தேய்த்தார். இன்ஜின் சத்தம் சரியில்லை என்றால் வண்டிக்காரரிடம் நானும் அப்படித்தான் பேச்சை நிறுத்துவேன். புரிந்துவிட்டது.

ஈரலில் எலுமிச்சை அளவு கட்டி. புற்றாக இருக்கலாம் என்றார்கள். குடிப்பீர்களா என்று ஆஸ்பத்திரியில் மூன்று முறை கேட்டார்கள். இல்லை என்றேன், அது உண்மை. நான்காவது முறை, பெரம்பலூரிலிருந்து போனில் என் மனைவி கேட்டாள்.

அறுவை செய்யும் டாக்டரம்மா கோயம்புத்தூர்க்காரர். இரண்டு வழிகளைப் படம் போட்டுக் காட்டினார். ஒன்று லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் போட்டு, வாயு நிரப்பி, கேமரா விட்டுச் செய்வது). வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். இன்னொன்று திறந்த அறுவை (விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்துச் செய்வது). தேற நாளாகும், கட்டி பெரிதாகவோ பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்திலோ இருந்தால் பெரும்பாலும் அதுதான். என் கட்டி ஈரலின் ஓரத்தில் இருந்ததால் துளை போதும் என்றார்.

என் அறைத்தோழன் செல்லப்பா ராமநாதபுரத்துக்காரன். எங்கள் கேரேஜில் ரேடியேட்டர் வேலை. அவனுக்கு இது ஒப்பவில்லை.

“பானட்டைத் திறக்காம வேலை பாக்குறேன்னா, எவனாச்சும் வண்டியைக் குடுப்பானாண்ணே?”

நியாயமாகப் பட்டது. மறுவாரம் டாக்டரிடமே கேட்டேன்.

“நீங்க சிலிண்டருக்குள்ள கேமரா விட்டுப் பாக்கறதில்லீங்களா?”

“பாக்குறதோட சரிங்க. வேலை திறந்துதான்.”

சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “கட்டி முழுசா வரணும், அதுதான் முக்கியம். உள்ள ரத்தம் நிக்கலேன்னா உடனே திறந்துருவோம். அது தோல்வி இல்லீங்க.” இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அவ்வளவு சின்ன ஓட்டையில் கட்டி எப்படி வெளியே வரும் என்று மனைவி கேட்டிருந்தாள். ஒரு பையில் போட்டு, தொப்புளுக்குக் கீழே சிறிதாகக் கீறி எடுப்பார்களாம். எந்தப் பை, புதுசா என்றாள்.

தள்ளுவண்டியில் படுத்தபோதுதான் பயம் வந்தது. போனைச் செல்லப்பாவிடம் கொடுத்து, ஏதாவது ஆனால் மகளிடம் முதலில் சொல்லாதே என்றேன். “சரிண்ணே” என்றான். அவ்வளவுதான். செல்லப்பாவுக்குச் சொல்ல அபிப்பிராயம் எதுவும் இல்லாமல் போன அந்த ஒரு நிமிடம் போல வேறெதுவும் என்னைப் பயமுறுத்தவில்லை.

கண் விழித்ததும் கையை வயிற்றுக்குக் கொண்டுபோனேன். விலாவோரம் நீளமாகக் கட்டு. நான்கு துளைகள் போட்டு ஒரு மணி நேரம் வேலை நடந்தபின் ஒரு ரத்தக்குழாய் கசிந்து, கேமராவில் எதுவும் தெரியாமல் போக, திறந்துவிட்டார்கள். “முழுசா எடுத்தாச்சுங்க” என்றார் டாக்டர்.

தான் சொன்னதே நடந்ததாகச் செல்லப்பாவுக்கு ஒரே பெருமை. மறுநாள் நர்ஸ் என்னை எழுப்பி நிற்கவைத்ததைப் பார்த்தான். அதோடு பெருமை அடங்கியது.

பக்கத்துக் கட்டில் மலையாளிக்கும் ஈரல் கட்டிதான். துளை வழியாகவே முடிந்தது. மூன்றாம் நாள் நடந்துபோய் டீ வாங்கி வந்தார். உள்ளே நிரப்பிய வாயு ஏறித் தோள் வலிக்கிறது என்று என்னிடம் குறைப்பட்டார். நான் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இருமலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் கைகுலுக்கிவிட்டுப் போனார். எனக்குப் பத்து நாள் ஆனது. ஆகவே இதைப் படிப்பவர்களுக்கு: எந்த வழி வலிக்காது என்று கேட்காதீர்கள். என் கட்டி இருக்கும் இடத்துக்கு எந்த வழி, எந்தக் கட்டத்தில் திறப்பீர்கள் என்று கேளுங்கள்.

பயாப்ஸி (வெட்டியெடுத்த சதையைச் சோதிப்பது) முடிவு வந்தது. புற்றுதான்; ஆனால் வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. போனில் சொன்னேன்.  சாப்பிட்டீர்களா என்றாள் மனைவி.

இப்போது லைட் டூட்டி. கியர்பாக்ஸைத் தூக்கக் கூடாது. முன்பு எனக்கு வருடம் என்பது ஊருக்குப் போகும் லீவிலிருந்து லீவு வரை. இப்போது ஸ்கேனிலிருந்து ஸ்கேன் வரை, மூன்று மாதம்தான்.

வெட்டிய ஈரல் திரும்ப வளரும் என்று டாக்டர் சொன்னதை மனைவி மகளிடம் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறவள், வெள்ளிக்கிழமை தோறும் போனில் கேட்கிறாள்: “எவ்வளவு வளந்திருக்குப்பா?”

நாற்பத்தாறு வயதில் முடி கொட்டுகிறது, பார்வை குறைகிறது. உள்ளே ஒன்று மட்டும், யாரையும் கேட்காமல், வளர்ந்துகொண்டிருக்கிறது. முன்பு இதே இடத்தில் வேறொன்று வளர்ந்தது. அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது வாரா வாரம் அளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

“ஒரு விரக்கடை” என்கிறேன். “போன வாரமும் இதையேதான் சொன்னீங்க” என்கிறாள்.