பேட்டரிக்கும் ஒரு தம்ளர் தண்ணீர்

என் வீட்டுக்காரர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு யார் வந்தாலும், வாயைத் திறப்பதற்குள் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டிவிடுவார். நல்ல குணம்தான். அதே உபசாரத்தைப் பேட்டரிகளுக்கும் செய்கிறாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேட்டரியின் மூடிகளைக் கழற்றியதும் முதல் வேலையாக உள்ளே தண்ணீர் ஊற்றுவார். பிறகுதான் சார்ஜ் பார்க்கிற ஹைட்ரோமீட்டரை எடுப்பார். அதன் ரப்பர் பந்தை அமுக்கி விட்டால் கண்ணாடிக் குழாய்க்குள் திரவம் ஏறும், உள்ளே ஒரு மிதவை மிதக்கும். அமிலம் கனமானது, மிதவையைத் தூக்கிப் பிடித்துப் பச்சை காட்டும். தண்ணீர் லேசு, மிதவை அதில் முங்கிச் சிவப்பில் நிற்கும். ஊற்றிய தண்ணீர் உடனே கலக்காது, மேலாகவே கிடக்கும், அதை உறிஞ்சிப் பார்த்தால் நல்ல பேட்டரியும் செத்ததாகத்தான் தெரியும் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன்.

"வறண்டு கெடக்கு, பாவம். வந்ததுக்கு மொதல்ல தண்ணி குடுக்க வேணாமா?" என்பார்.

இப்படியே வாடிக்கையெல்லாம் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற தம்பி ஒருவர்தான். நேற்று வேனைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திப் பேட்டரியைக் கழற்றி வைத்தார்.

"ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது அண்ணே. இந்தத் தடவையாவது சரியா பாருங்க. போன தடவை நீங்க செத்துப்போச்சுன்னு சொன்னது என் மச்சான் வண்டியில இன்னும் ஓடுது."

இவர் தம்ளர் எடுக்க உள்ளே போனார். அந்த நேரத்தில் நானே மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். மிதவை ஜம்மென்று பச்சையில் நின்றது. வயர் மாட்டுகிற முனைகள்தான் வெள்ளை பூத்துக் கிடந்தன.

"பேட்டரி நல்லாதான் இருக்கு தம்பி. முனையைக் கழுவித் தேய்ச்சா போதும்" என்று சொல்லிவிட்டு வெந்நீர் எடுக்கப் போனேன்.

திரும்பி வருவதற்குள் உபசாரம் முடிந்திருந்தது. கையில் ஹைட்ரோமீட்டரோடு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"சிவப்பு. ஆயுசு முடிஞ்சிருச்சு தம்பி."

"இப்பதானே பச்சை காட்டுச்சு!" என்றேன்.

"நீ சாய்ச்சுப் பிடிச்சிருப்பே. மிதவை கண்ணாடியில ஒட்டியிருக்கும்."

வேன் தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே பேட்டரி, ஒரே கடை, ரெண்டு தீர்ப்பு. போதும் அண்ணி" என்று பேட்டரியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். தம்ளரைத் தொடக்கூட இல்லை.

எதிர்க்கடைக்காரர் முனைகளைச் சுரண்டினார், வேனில் மாட்டினார். சாவியைத் திருப்பியதும் வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

இவர் வாசலில் நின்று பார்த்தார். பிறகு திரும்பி, மூலையில் பழைய இரும்புக்காரருக்காகக் குவித்து வைத்திருந்த 'செத்த' பேட்டரிகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இதுல எத்தனை உசுரோட இருந்திருக்கும்?" என்றார்.

இதை இப்போது கேட்கிறார்.