அக்னெஸ் காத்திருந்த பின்னேரம்

செய்தி பின்னேரம் மூன்று மணிக்கு வந்தது. அக்னெஸ் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி யோசெப் பேசினான்.

"அக்கா, பிள்ளையை விடுகினம். ஆறு மணிக்குள்ள வீட்டில நிப்பம்."

யோசெப்புக்கும் செலீனுக்கும் நெடுங்காலத்துக்குப் பிறகு பிறந்த முதல் பிள்ளை. குறைமாதத்தில் பிறந்து, இவ்வளவு நாளும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அக்னெஸ் மீனைச் சட்டியோடு விட்டுவிட்டு எழும்பினாள்.

அவள் எதற்கும் காத்திருக்கிறவள் அல்ல. பஸ் பிந்தினால் அடுத்த தரிப்புக்கு நடப்பாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஊரில் ஒரு கல்லூரிச் சமையலறையில் வேலை செய்த காலத்தில், எதிரில் நிற்பவர் பிரெஞ்சு வசனத்தை முடிக்க முன்னமே பதில் சொல்லிவிடுவாளாம். மன்னாரிலிருந்து தம்பியை இந்தப் பனிநாட்டுக்குக் கூப்பிட்டவளும், அவனுக்குப் பெண் பார்த்தவளும், டொலார்ட் ஊரில் எல்லாரும் சேர்ந்திருக்க இந்த வீட்டைக் கண்டுபிடித்தவளும் அவளே. எல்லாம் அவசரத்தில்தான். எல்லாம் நன்றாகவே அமைந்தன.

புதுப் பிள்ளை வருகிற வீட்டுக்குச் சாம்பிராணி காட்டாமல் விடலாமா? தட்டில் கரி மூட்டி, அள்ளிப் போட்டு, அறை அறையாகக் கொண்டுபோனாள். நிலவறைக்கும் இறங்கினாள். பாதியில் போன் அடித்தது.

"அக்கா, வீட்டில புகை கிகை இருக்கக்கூடாதாம். பிள்ளையின்ர நெஞ்சு இன்னும் பிஞ்சாம். நீங்கள் ஒண்டும் கொளுத்தேல்லைத்தானே?"

"எனக்கென்ன விசரா?" என்றாள் அக்னெஸ், இருமலை விழுங்கிக்கொண்டு.

தணலை வெளியே பனியில் கொட்டினாள். முன்கதவு, பின்கதவு, நிலவறை யன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்தாள். மாசி மாதக் காற்று வீட்டுக்குள் புகுந்து, புகையை அள்ளிக்கொண்டு போனது. கூடவே சூட்டையும் கொண்டுபோனது. திரும்ப எல்லாம் பூட்டியபோதுதான், சூடு வரவேண்டிய துவாரங்களில் ஒன்றும் வரவில்லை என்று கண்டாள். நிலவறைக்கு ஓடினாள். வீட்டைச் சூடாக்கும் பழைய காஸ் ஃபேர்னஸின் கீழ்க்கதவைக் கழற்றிப் பார்த்தால், எப்போதும் நிற்கும் சின்ன நீலச் சுடரைக் காணவில்லை. பைலட் அணைந்திருந்தது.

வருடாவருடம் யோசெப் அதைப் பற்றவைக்கும்போது டோர்ச் பிடிக்கிறவள் அவள்தான். கதவின் உட்புறத்தில் முறையும் ஒட்டியிருந்தது: தெர்மோஸ்டாட்டைக் குறை, காஸ் குமிழை மூடு, ஐந்து நிமிடம் பொறு, நிலமட்டம் வரைக்கும் மணந்து பார், காஸ் மணந்தால் ஒன்றையும் தொடாமல் வெளியே போய் ஆட்களைக் கூப்பிடு. குறைத்தாள், மூடினாள், பொறுத்தாள். குனிந்து மணந்தாள். சாம்பிராணி. இன்னொரு முறை. சாம்பிராணிதான். காஸ் இருந்தாலும் இந்த மூக்குக்கு அது தெரியப்போவதில்லை.

போன் மறுபடி. "வெளிக்கிட்டிட்டம் அக்கா. வீடு சூடா இருக்குத்தானே?"

"நீ ஆறுதலா ஓட்டி வா."

மாதா சுரூபத்துக்குத் திரி கொளுத்தும் நீட்டு லைட்டர் கையில் இருந்தது. ஒரு சொடுக்குப் போதும். அதைச் சட்டைப்பைக்குள் வைத்தாள். மேலே போய், சுரூபத்துக்கு முன் கண்ணாடிக் குவளைக்குள் எரிந்த திரியையும் ஊதி அணைத்தாள். வெளியே பக்கத்து வீட்டு மரியதாசன் பனி வழித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, உன்ர மூக்கைக் கொஞ்சம் தாவன்."

அவன் நிலவறையில் நாலு காலில் நின்று மணந்தான். "அக்கா, பெருநாள் பூசை மாதிரி மணக்குது."

"காஸ்?"

"காஸ் இல்லை. மீன் மணக்குது."

"அது என்ர கை. குழாயடியிலயும் பார். அவசரப்படாத."

அக்னெஸின் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவன் முதல்முறையாகக் கேட்டான். திரும்பவும் மணந்தான். காஸ் மணம் இல்லவே இல்லை. அப்போதும் அவள் சின்ன யன்னலைத் திறந்துவிட்டு, படியில் உட்கார்ந்து, செபமாலையில் பத்து மணி உருட்டினாள். ஒரு மணியையும் விழுங்கவில்லை.

பிறகு குமிழைப் பைலட்டுக்குத் திருப்பி அமத்தியபடி லைட்டரை நீட்டினாள். நீல மொட்டொன்று எழும்பியது.

"விடுங்கோவன் அக்கா, பத்தீட்டுது."

"பொறடா."

விரல் மரக்கும் வரைக்கும் அமத்திப் பிடித்துவிட்டு மெல்ல விட்டாள். சுடர் நின்றது. குமிழை முழுதாகத் திறந்து தெர்மோஸ்டாட்டைக் கூட்டியதும், ஃபேர்னஸ் பொக்கென்று பற்றி முழங்கியது. மரியதாசன் கைதட்டினான். கதவை மாட்டி ஒரு திருகாணியைப் பூட்டி முடிக்க, வாசலில் கார் ஹோர்ன் கேட்டது.

"மற்றதைப் பேந்து பூட்டுவம்," என்று இரண்டாவது திருகாணியை ஃபேர்னஸின் மேலே வைத்துவிட்டு ஓடினாள்.

அவர்கள் உள்ளே வந்தபோது வீடு இளஞ்சூடாயிருந்தது. செலீன் பிள்ளையை அணைத்தபடி மூக்கைச் சுருக்கினாள்.

"மச்சாள், சாம்பிராணி மணக்குதே?"

"மரியதாசன் பூசின சென்ட்."

யோசெப் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும். பிள்ளை அக்னெஸின் கையில் நித்திரையாய்க் கிடந்தது.

அக்னெஸ் கண்ணை மூடி இரண்டு பனிக்காலம் ஆகிறது. ஃபேர்னஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழ்க்கதவின் இரண்டாவது திருகாணி இன்னும் பூட்டப்படவில்லை.