துரைசானி விட்டுப்போன பிராம்

போன வெள்ளிக்கிழமை காலை மீரான் காக்கா என்னை நடுரோட்டில் மறித்துவிட்டார்.

எனக்கோ ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுக் கட்டு. மீரான் காக்கா எங்கள் தெரு முனையில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். காயல்பட்டினத்துக்காரர். அந்தப் பக்கம் 'காக்கா' என்றால் அண்ணன். பெண்பிள்ளைகளிடம் அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்படிப்பட்டவர் கடையை விட்டு இறங்கி வந்து நிற்கிறார் என்றால்...

"டீச்சரம்மா, கேக்கேன்னு தப்பா நினைக்கப்படாது. உங்க பிள்ளை வண்டியை எந்தப் பட்டறையில ரிப்பேருக்குக் கொடுக்கிய?"

"ரிப்பேரா? எந்த ரிப்பேர் காக்கா?"

"தினமும் காலையில உங்க வீட்டுக்காரர் தள்ளிட்டுப் போறாரே! என்னன்னு கேட்டா, 'சக்கரம் ரிப்பேர், பட்டறைக்குக் கொண்டுபோறேன்'னு சொல்லுதார். மூணு வாரமா ஒரே ரிப்பேர். என் கடையத் தாண்டித்தான் போறார். ஒரு நாளாவது நின்னு, 'காக்கா, இது என்னன்னு பாருங்க'ன்னு கேட்டாரா? நான் என்ன, சக்கரத்தையே பாக்காதவனா?"

பாவம், கண் கலங்காத குறை.

"விசாரிச்சுச் சொல்லுதேன் காக்கா" என்று நழுவினேன். ஆனால் அன்று நான் போட்ட கணக்கெல்லாம் தப்பு. பிள்ளைகளே திருத்தினார்கள். எங்கள் பிராமுக்கு ஒரு ரிப்பேரும் கிடையாது. பின்னே எதற்கு இந்த மனுஷன் ஊரெல்லாம் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறார்?

பிராம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்த கையோடு இங்கேயுள்ள துரைமார்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்களே, அதில் ஒரு துரையின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. தையல் மெஷின் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு என் வீட்டுக்காரரை அனுப்பினேன். (பெயரைச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. 'அவர்' என்றே வைத்துக்கொள்வோம்.) எங்கள் மகள் பிலோமிக்கு அப்போது ஒரு மாதம்.

அவர் திரும்பி வந்தபோது வாசலில் மெஷினைக் காணோம். சப்பரம் ஒன்று நின்றது.

கறுப்புப் பெயின்ட், வெள்ளிக் கோடு, நாலு பெரிய கம்பிச் சக்கரம், ரப்பர் டயர், தோல் வார், ஸ்பிரிங், மடக்குக் கூரை, தள்ளுவதற்குப் பீங்கான் பிடி! தெருவே கூடிவிட்டது.

"மெஷின் எங்கே?"

"அதை வேற ஒருத்தன் எடுத்துட்டான். இதைப் பாரு, துரைசானி தன் பிள்ளையை வச்சுத் தள்ளினது. ஏன், துரை வீட்டுப் பிள்ளைதான் இதுல போகணுமா? நம்ம பிள்ளை போகப்படாதா?"

மெஷினுக்கென்று நான் சேர்த்ததெல்லாம் அந்தக் கேள்வியோடு போயிற்று. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாளும் பேசியிருக்க மாட்டேன். உப்பு எங்கே என்று அவர் கேட்டுவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது அபிப்பிராயத் திருவிழா. பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் பிள்ளையைப் பார்ப்பதுதானே வழக்கம்? எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சக்கரத்தைப் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு இஞ்ஞாசி அக்கா உப்பளத்துக்குப் போகிறவள். விடியுமுன் போய் மத்தியானம் திரும்புவாள். அவள் சொன்னாள்: "ஏளா, இந்த விலைக்குக் கன்னோட ஒரு பசு வாங்கியிருக்கலாமே. பிள்ளை பாலாவது குடிச்சிருக்கும்."

ஆலந்தலையிலிருந்து வந்த என் அண்ணன் கடலுக்குப் போகிறவன். வண்டியை இரண்டு தரம் சுற்றி வந்தான். "எல்லாம் சரி... நங்கூரம் எங்க?" என்றான்.

குழந்தைக்கு முதுகு வளைந்துவிடும் என்றார் ஒருவர். வளைந்த முதுகும் நிமிர்ந்துவிடும் என்றார் இன்னொருவர். வண்டியில் போகிற பிள்ளைக்கு நடையே வராது என்று ஒரு அம்மாள் அடித்துச் சொன்னாள். அப்படியானால் இங்கிலாந்தில் எல்லாரும் தவழ்ந்தா போகிறார்கள்?

பிலோமி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அழுதாள். தொட்டிலில் போட்டால் அழுகை, மடியில் போட்டால் அழுகை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அந்தச் சப்பரத்தில் போட்டு ரோட்டுப் பக்கம் தள்ளினேன். பத்தடிகூடப் போயிருக்காது — தூக்கம்! நிறுத்தினால் விழிப்பு. முற்றத்து மணலில் தள்ளி ஏமாற்றப் பார்த்தோம். மூன்றே சுற்றில் கண்டுபிடித்து ஊரைக் கூட்டிவிட்டாள். அவளுக்குக் கெட்டி ரோடுதான் வேண்டும்.

இந்த நிலையில் என் லீவு முடிந்தது. ஒன்றாம் தேதி வராவிட்டால் வேறு டீச்சரைப் போட வேண்டியிருக்கும் என்று ஸ்கூலை நடத்தும் கன்னியாஸ்திரீ மதர் வருத்தத்தோடுதான் சொல்லியனுப்பினார். மத்தியானத்துக்கு மேல் இஞ்ஞாசி அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். காலையில் யார்?

அவர் கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க். சிநேகிதர் ஒருவரோடு மாற்றிக்கொண்டு அந்த ஒரு மாதத்துக்கு மத்தியான டூட்டி வாங்கியிருந்தார்.

"காலையில நீங்கதான் பாக்கணும். அழுதா வண்டியில வச்சு ரோட்டுல தள்ளுங்க" என்றேன்.

"ஆம்பிளை... ரோட்டுல... பிள்ளை வண்டியா?"

"வாங்கினது யாரு?"

"வாங்குறது வேற, தள்ளுறது வேற."

அடுத்த மாதமும் மத்தியான டூட்டி வேண்டுமென்று ஹெட் கிளார்க்கிடம் கேளுங்கள் என்றேன். அதற்கும் மாட்டேன் என்றுதான் தலையாட்டினார். "என்னன்னு கேக்க? பிள்ளை பாக்கணும்னா? ஆபீஸே கைகொட்டிச் சிரிக்கும்."

அந்த டூட்டி கிடைக்காவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான். டிரெய்னிங் முடித்து, அப்பாவோடு சண்டை போட்டு வாங்கிய வேலை.

ஆனால் ஒரு அதிசயம். மூன்று வாரமாக நான் மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு வீட்டுக்கு ஓடி வரும்போதெல்லாம் பிலோமி சிரித்துக்கொண்டு கிடந்தாள். "முற்றத்துலயே தூங்கிட்டா" என்பார் அவர். நானும் நம்பினேன், மீரான் காக்கா மறிக்கிறவரை!

மறுநாள் சனிக்கிழமை மதரின் பெயருக்குரிய புனிதரின் திருநாள். பத்து மணிக்கே விட்டுவிட்டார்கள். நேராகக் கடற்கரை ரோட்டுக்கு நடந்தேன். கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு தோணி மறைவில் நின்று பார்த்தேன்.

வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு. பிள்ளை இருப்பது தெரியாமல் கூரைக்கு முன்னால் துண்டைத் தொங்கவிட்டிருந்தார். எதிரே ஆள் வந்தால் குனிந்து சக்கரத்தை முறைப்பார். ஆள் போனதும் துண்டை விலக்கிப் பேச்சு!

"அந்தா புகை தெரியுதா? அதுதான் கப்பல். இங்கன ஆழம் பத்தாது, அதான் தூரத்துல நிக்கி. தோணியில போய்த்தான் சரக்கு ஏத்தணும். நீ பெரியவளானதும் அப்பா கூட்டிட்டுப் போறேன், என்ன?"

என்னோடு இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல அவர் பேசியதே இல்லை. கோபமாகத்தான் வந்திருந்தேன். அது எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, குடையை ஊன்றிக்கொண்டு எதிரே வந்தார் ஹெட் கிளார்க். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். லீவு கேட்டுப் போனவர்கள் மன்னிப்புக் கேட்டுத் திரும்புவார்கள், அப்படிப்பட்ட மனிதர். நான் தோணிக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டேன்.

"என்னவே இது?"

"வண்டி சார். சக்கரம் ரிப்பேர். பட்டறைக்கு..."

"பட்டறை மேக்கே இருக்கு. நீரு கிழக்க போறீரு?"

"சுத்திப் போறேன் சார். அங்கன ரோடு மோசம்."

துண்டுக்குள்ளிருந்து 'ங்ஙா' என்று ஒரு சத்தம்.

"என்ன சத்தம்?"

"சக்கரம் சார். எண்ணெய் இல்ல."

பிலோமி ஒரு உதை விட்டாள். துண்டு சரிந்தது. கொலுசு போட்ட குட்டிக் கால் ஒன்று வெளியே நீண்டது.

"சக்கரத்துக்குக் கால் முளைச்சிருக்கேவே!"

அவர் வாயைத் திறக்கவில்லை. பிலோமி திறந்துவிட்டாள். வண்டிதான் நின்றுவிட்டதே!

ஹெட் கிளார்க் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குடையை மடக்கி வண்டியின் பிடியில் மாட்டினார்.

"நகரும். எந்தச் சக்கரம்னு நான் பாக்கேன்."

தள்ளினார்! கிடங்கு வரை போய்த் திரும்பினார். மறுபடியும் போனார். இரண்டாம் தரம் திரும்பும்போது நுனிக்காலில் நடந்து வந்தார். பிள்ளை தூங்கிவிட்டது.

"பின்சக்கரம் லேசா ஆடுது" என்றார் ரகசியக் குரலில். ஒரு சக்கரமும் ஆடவில்லை. வண்டிக்குள் குனிந்து பிள்ளையைப் பார்த்தார். "எனக்கு ஆறுவே. ஒண்ணுகூட என் கையில தூங்கினதில்ல. நான் தூக்கினாத்தானே தூங்கும்..."

குடையை எடுத்துக்கொண்டார். நாலடி போய்த் திரும்பினார். "அடுத்த மாசமும் உமக்கு மத்தியான டூட்டிதான். வண்டி சரியாகுற வரைக்கும்."

தோணிக்குப் பின்னால் நான் அழுதேனா, சிரித்தேனா என்று கேட்காதீர்கள். இரண்டையும் சத்தமில்லாமல் செய்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. சாயங்காலம் மீரான் காக்காவிடம் மட்டும், வண்டிக்கு எந்த ரிப்பேரும் இல்லை, எந்தப் பட்டறைக்கும் போகவில்லை என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்! ஊருல எனக்குத் தெரியாம இன்னொரு கடை வந்துட்டோன்னு மூணு வாரமா உறக்கமில்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கிளம்பினோம். அவர் தாமாகவே பிராமை வாசலுக்கு எடுத்தார். துண்டு எங்கே என்று பார்த்தேன். தோளில் கிடந்தது. கூரையையும் மடக்கிவிட்டார்.

இஞ்ஞாசி அக்கா வாசலில் நின்று கேட்டாள்: "என்ன தம்பி, சக்கரம் சரியாயிட்டா?"

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சக்கரத்துக்கு என்ன? என் மவள கூட்டிட்டுப் போறேன்."

தெரு முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடு ரோட்டில், ஜனங்களுக்கு நடுவே, தலை நிமிர்ந்து தள்ளிக்கொண்டு போனார். பின்னால் நான் நாலு மாதத்தில் முதல் தடவையாக இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தேன்.

ஆகவே வாசகிகளே, பிராம் நல்லதா, கெட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். தள்ளப்போகிறவர் யார் என்று முதலில் கேட்டு வையுங்கள்!