ரெனாதா வலைக்கு முன்னால் நின்ற மூன்று ஆட்டங்கள்

ஸ்லோவாக்கியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் ரெனாதா ஹுதாகோவா பல வருஷம் இரண்டாவது கோல்கீப்பராக இருந்தாள். பெஞ்சின் ஓரத்தில் முழுக் கவசத்தோடு உட்கார்ந்து, ஆள் மாறும்போதெல்லாம் கதவைத் திறந்துவிடுவதுதான் பெரும்பாலும் அவள் வேலை. மற்ற நாட்களில் போப்ராத் நகரப் பேருந்தை ஓட்டினாள். "அங்கயும் கதவு திறக்கிற வேலை, இங்கயும் அதே வேலை. பழகிடுச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

முதல் கோல்கீப்பர் மிர்கா. நாட்டிலேயே அவளுக்கு ஈடு கிடையாது. ரெனாதாவுக்கு அவள்மேல் பொறாமை இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருஷம் பக்கத்திலிருந்து பார்த்ததில், மிர்கா ஏன் முதலாவது என்பது மற்ற யாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த வருஷ உலகப் போட்டியில் கனடாவோடு ஆட்டம். தொடங்கிய சூட்டிலேயே மூன்று கோல் விழுந்துவிட்டது. மூன்றாவதைத் தடுக்கக் காலை நீட்டிய மிர்கா எழுந்திருக்கவில்லை. தொடைச் சதை பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தோள் கொடுத்து அவளைக் கூட்டிவந்தார்கள். பயிற்சியாளர் வாவ்ரெக் திரும்பிப் பார்த்தார்.

"ஹுதாகோவா, கிளம்பு. பத்து கோலுக்குள்ள முடிச்சுக் குடு, போதும்."

விறைத்துப்போன கால்களோடு போய் நின்றாள். வந்த முதல் அடியே முகக்கவசத்தில் விழுந்து காது அடைத்துக்கொண்டது. அதுவும் நல்லதுக்குத்தான். பயப்படலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது, அதற்கடுத்ததும் வந்துவிட்டது. கறுப்பு ரப்பர் வட்டு எங்கிருந்து வருகிறது என்று கண் பார்ப்பதற்கு முன்பே கை அங்கே இருந்தது. ஒருமுறை இடது பக்கம் முழுசாக விழுந்து கிடந்தாள். வலை திறந்து கிடந்தது. வலது பக்கம் நின்றவள் நிதானமாக அடித்தாள். ரெனாதா படுத்தபடியே புரண்டு மட்டையை வீச, வட்டு அதன் பிடியில் பட்டு மேலே எகிறி வலைக்குப் பின்னால் போய் விழுந்தது. அடித்த பெண் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். கோல் இல்லை என்று தெரிந்ததும் தூக்கிய கைகளை அப்படியே தலையில் வைத்துக்கொண்டாள்.

கனடாக்காரிகளைப் பார்க்க வந்த கூட்டம் எழுந்து நின்று ரெனாதாவுக்குக் கைதட்டியது. ஆட்டம் மூன்றுக்குப் பூஜ்யத்திலேயே முடிந்தது. தோற்ற அணியிலிருந்து அவள் பெயரைத்தான் சிறந்த ஆட்டக்காரி என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். உடைமாற்றும் அறையில், தொடையில் ஐஸ் கட்டியோடு படுத்திருந்த மிர்கா கத்தினாள்: "அடிப்பாவி! என் சோத்துல மண்ணைப் போட்டுட்டியே!" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த ஆட்டம் கஜகஸ்தானோடு. தோற்கிற அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். மிர்கா காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஆட முடியும் என்றாள். காலைச் சாப்பாட்டின்போது ரெனாதா பயிற்சியாளரிடம் போனாள்.

"கோச், மிர்காவையே நிறுத்துங்க."

"ஏன், உனக்கு என்ன?"

"இவங்க நிறைய அடிக்க மாட்டாங்க. சும்மா நிக்கறது எனக்கு வராது. அது அவளுக்குத்தான் வரும்."

வாவ்ரெக் ரொட்டியை மென்றபடி சிரித்தார். "கனடாவையே நிறுத்தினவளுக்கு இது ஒரு ஆட்டமா? போ, போய் சாப்பிடு."

அவள் சொன்னதுபோலவே நடந்தது. ஸ்லோவாக்கியப் பெண்கள் எதிராளியின் எல்லையை விட்டு நகரவே இல்லை. இந்தக் கோடியில் ரெனாதா தனியாக நின்றாள். வேர்வை காய்ந்து குளிர ஆரம்பித்தது. அம்மா டிவி பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். நேற்று பேட்டி எடுத்த ஆளிடம் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பேசியிருக்கலாம் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து, ஆள் மாற்ற அவகாசம் தேடி, கஜகஸ்தான்காரி ஒருத்தி நடுக்கோட்டிலிருந்து வட்டைச் சும்மா தட்டிவிட்டாள். அது பனியில் ஒருமுறை குதித்து, ரெனாதாவின் கால்களுக்கு நடுவே மெதுவாகப் புகுந்து உள்ளே போனது.

அந்த ஒரு கோலில் தோற்றார்கள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஊர் திரும்பும் பேருந்தில் மிர்கா நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி வழியில் கேட்டாள்: "வட்டு வராதப்போ நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?"

"என்ன?"

"கோல் கம்பத்துகூடப் பேசுவேன். வாய்விட்டு. 'இப்ப வட்டு அவங்க ஆளுகிட்ட இருக்கு, இடது மூலை, முதுகைக் காட்டிட்டு நிக்கறா'ன்னு ஒண்ணு விடாம சொல்லுவேன். இல்லேன்னா புத்தி வீட்டுக்குப் போயிடும்டி."

"கம்பம் பதில் சொல்லுமா?"

"வலது கம்பம் சொல்லும். இடது கம்பம் சுத்த மக்கு."

ரெனாதா சிரிக்கத் தொடங்கி, அழுதுவிட்டாள். மிர்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

போப்ராத் பணிமனையில் சக ஓட்டுநர்கள் 'எங்கள் சுவர்' என்று துணியில் எழுதிக் கட்டி, பீர் வாங்கி வைத்திருந்தார்கள். ரெனாதா துணியைப் பார்த்தபடி நின்றாள்.

"கீழ்ப் பிரிவுக்கு இறங்கிட்டோம், யோஜோ. என்னாலதான்."

"அட, அதை யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா?" என்றான் யோஜோ. "கனடா ஆட்டத்தை நான் பதிவு பண்ணி வச்சிருக்கேன். வீட்டுக்கு வா, இன்னொரு தடவை பார்ப்போம்."

அவள் போகவில்லை. அவளுடைய நல்ல நாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று பல மாதங்கள் அவர்கள்மேல் கோபமாக இருந்தாள்.

அடுத்த வருஷம் மிர்காவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆட்டத்தை விட்டாள். கீழ்ப் பிரிவுப் போட்டி ஹங்கேரியில், ஓர் ஒழுகும் அரங்கத்தில். கடைசி ஆட்டத்தில் வென்றால் மேலே ஏறலாம். எதிரணி நார்வே. ஒரு கோல் முன்னிலையில் நின்றார்கள். ரெனாதா பக்கம் வட்டு வருவதே அபூர்வமாக இருந்தது. அவள் பேசினாள். யார் எங்கே நிற்கிறார்கள், யார் களைத்துவிட்டார்கள், எவள் எந்தக் கையால் அடிப்பாள் என்று வாய் ஓயாமல் பேசினாள். நடுவர் ஒருமுறை அவளைக் கடந்து போகும்போது திரும்பிப் பார்த்தார். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நார்வேக்காரி ஒருத்தி தனியாகப் புறப்பட்டு வந்தாள். வருவதற்கு முன்பே, அவள் வருவதை ரெனாதா சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டடி முன்னால் வந்து நின்றாள். வட்டு நேரே நெஞ்சில் வந்து பட்டது. பார்த்தவர்களுக்கு அது சாதாரணத் தடுப்பு.

அந்த ஒரு கோலில் வென்று மேல் பிரிவுக்கு ஏறினார்கள். அன்று சிறந்த ஆட்டக்காரி என்று கோல் போட்ட பெண்ணைச் சொன்னார்கள். ரெனாதா வெளியே வந்து மிர்காவுக்குப் போன் செய்தாள்.

"எத்தனை பேர் பார்த்தாங்க?" என்றாள் மிர்கா.

"கேன்டீன்காரம்மாவையும் சேர்த்தா ஒரு நாற்பது பேர் இருப்பாங்க."

"பெரிய கூட்டம்தான். சரி, முதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாத."

போனில் காசு தீரும்வரை ரெனாதா சொன்னாள்.

இப்போது அவள் பணிமனை ஆண்கள் அணிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்கீப்பராக நிற்கிறாள். வேலைக்குப் புதிதாக யார் சேர்ந்தாலும், யோஜோ அவர்களைப் பிடித்து வைத்துக் கனடா ஆட்டத்தைச் சொல்கிறான். வருஷத்துக்கு வருஷம் அதில் அடிகள் கூடிக்கொண்டே போகின்றன. முன்பெல்லாம் அவள் எழுந்து போய்விடுவாள். இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்கேட் கயிற்றைக் கட்டிக்கொண்டு கேட்கிறாள், சில இடங்களில் திருத்தவும் செய்கிறாள். ஹங்கேரி ஆட்டத்தைக் கேட்டால்தான் சொல்வாள். இதுவரை கேட்டது மிர்கா ஒருத்திதான்.