பால்நிறப் பேத்தி

இதை எழுதலாமா, கூடாதா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். மகளின் வாழ்க்கை... பத்திரிகையில் போடுகிற சங்கதியா?

போன வாரம் வல்லத்திராக்கோட்டை பஸ்ஸில் மகளோடும் பேத்தியோடும் வந்தேன். பின் சீட்டில் ஓர் அம்மாள், "வெள்ளைக்காரன் புள்ளையோ?" என்று பக்கத்திலிருந்தவளின் காதைக் கடித்தாள். எங்கள் காதிலும் விழுந்தது. இறங்கியதும் மகள் சொன்னாள்: "எழுதிருங்கப்பா. எத்தனை பேருக்கு வாயால சொல்லுறது?"

எழுதுகிறேன்.

மகளை என் தங்கை மகனுக்குத்தான் கொடுத்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மாநிறம். பிறந்த குழந்தையோ பால் வெள்ளை! முடி சோளக்கதிர் நார் மாதிரி. வெளிச்சம் பட்டால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும்.

பிரசவத்துக்கு வந்தவளை அழைத்துப் போக வேண்டிய தங்கை, மகனோடு வந்து வேறு பேச்சு எடுத்தாள். குலசாமி அய்யனார் முன்னால் சூடம் ஏற்றி, குழந்தை தன் புருஷனுடையதுதான் என்று சத்தியம் செய்து, மகள் அந்தச் சூடத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தியத்துக்கு மேல் அப்பீல் கிடையாது. மாட்டேன் என்றால் பிறந்த வீட்டிலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான்.

மகள் அழவில்லை. "அடிக்க மாட்டேன் அத்தே. அடிச்சா, நீங்க சந்தேகப்பட்டது நாயந்தான்னு ஆயிரும்."

மாப்பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சுவாமி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்வது?

எங்கள் மாடியில் குடியிருந்தவர், காலேஜில் பயாலஜி சொல்லிக்கொடுக்கும் டீச்சரம்மா. சின்ன வயசுதான். குழந்தை பார்க்க இறங்கி வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கு அப்போதுதான் அந்தப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாராம்.

நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நூல் இருக்கிறதாம். டி.என்.ஏ. என்று பெயர். அதில் நாலே நாலு எழுத்துகள்தான். அவற்றை மாற்றி மாற்றிக் கோத்து, உடம்பு என்னென்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பெல்லாம் அதில் எழுதியிருக்கிறதாம். தோலுக்கு நிறம் உண்டாக்கும் சரக்குக்கும் அதில் ரெண்டு குறிப்பு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று.

"கல்யாண வீட்டுல ரெண்டு சமையல்காரர் மாதிரிங்க. ஒருத்தர் குறிப்புல எழுத்து அழிஞ்சிருந்தாலும், மத்தவர் தன்னோடதைப் பாத்துச் சமைச்சிருவாரு. சாப்பிடுறவங்களுக்குத் தெரியாது. ரெண்டு பேர் குறிப்பும் அழிஞ்சிருந்தாத்தான் பண்டம் வராது."

"எம் மகன் மாநிறமாத்தானம்மா இருக்கான்?" என்றாள் தங்கை.

"அவர்கிட்ட ஒண்ணு அழிஞ்சிருந்தாலும் இன்னொண்ணு நல்லா இருக்குங்க. அழிஞ்சதைப் புள்ளைக்குக் குடுத்துட்டாரு. மருமக மட்டும் குடுத்து இப்படிப் பொறக்காதுங்க." பிறகு மெதுவாகக் கேட்டார்: "உங்க குடும்பத்துல முன்னாடி யாராச்சும் இப்படி..?"

நானும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் பெரியப்பா! பகலில் அதிகம் வெளியே வரமாட்டார். நரைக்கும் முன்பே தலை வெள்ளை. சாமி மனுஷர் என்று கும்பிட்டோமே தவிர, ஏன் அப்படி என்று யார் கேட்டோம்? வெயிலில் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவளே என் தங்கைதான்.

சொத்தும் சீரும் வெளியே போகக் கூடாது என்றுதான் சொந்தத்துக்குள் கொடுத்தோம். எதுவுமே வெளியே போகவில்லைதான், பெரியப்பா வீட்டு அழிந்த குறிப்பு உட்பட!

தங்கை எழுந்து என் மகளின் துணிப்பையைக் கையில் எடுத்தாள். "கெளம்பு ஆத்தா. வெயில் ஏறுறதுக்குள்ள போயிருவோம்" என்றாள்.

மகள் அசையவில்லை. "ஒங்க மகன் ஒரு வார்த்தை சொல்லட்டும் அத்தே."

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து குழந்தையை வாங்கினார். தோள் துண்டை எடுத்து அதன் கண்ணுக்கு மேலே நிழலாகப் பிடித்தார். "எம் புள்ள" என்றார் அப்புறம். மகள் எழுந்தாள்.

இப்போது ஊரில், டீச்சரம்மா மேல் அய்யனார் இறங்கிக் குறி சொன்னதாகக் கதை கட்டியிருக்கிறார்கள். அய்யனார் மேல் எனக்குப் பக்தி உண்டு. ஆனால் அன்று பேசியது பாடம் படித்த ஒரு பெண். எங்காவது இப்படிக் குழந்தை பிறந்த வீடு தெரிந்தால், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். ஒன்றும் சேர்க்க வேண்டாம். முக்கியமாக, தகப்பன் பங்கை விட்டுவிடாதீர்கள்...

பாதியை விட்டால், பழி முழுசாகப் பெண் தலையில்தான் விழும்.