ஆள் இல்லாத வாரத்தில் கேட்ட கருத்து

திருப்பூரில் துரத்தும்போதுகூட மரியாதையாகத்தான் துரத்துவார்கள். வந்த புதிதில் எனக்கு அது பிடிபடவே இல்லை. "ஏனுங்க அம்மிணி, பாப்பாவைக் கொஞ்சம் அந்தப்பக்கமா வெளையாடச் சொல்லுங்க" என்று எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் சொன்னால், அக்கறையில் சொல்கிறார் என்று நானும் சிரித்துத் தொலைப்பேன். அந்தப்பக்கம் என்று ஒன்று கிடையாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டு வாசலை விட்டால் சந்து. சந்தில் நாளெல்லாம் துணி ஏற்றிய டெம்போக்கள். போன வருஷம் அதில் ஒன்று இடித்து, என் மகள் செல்வி மாவுக்கட்டோடு கிடந்தாள்.

கமுதிப் பக்கம் எங்கள் ஊரில் விளையாட யாரையும் கேட்க வேண்டியதில்லை. கண்மாய் வற்றிவிட்டால் அவ்வளவும் பிள்ளைகளுக்குத்தான். அந்த வற்றிய கண்மாய்தான் எங்களைப் பனியன் கம்பெனிக்கு விரட்டியது என்பது வேறு கதை. இங்கே எங்கள் தெருக்கோடியில் அரசாங்கத்துக்குச் சொந்தமான காலி இடம் ஒன்று இருக்கிறது. அதில் பூங்காவும் ஊஞ்சலும் வைக்கலாமா என்று மாநகராட்சியிலிருந்து வந்து தெருக்காரர்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்கள் என்றதும், செல்வியைவிட நான்தான் அதிகம் குதித்தேன். வீட்டுக்காரருக்கோ அந்த இடத்தில் டெம்போ நிறுத்த வேண்டும். குடியிருப்போர் சங்கத் தலைவரும் அவரேதான்.

கருத்துக் கேட்கும் நாளை அவர் தீபாவளி வாரத்தில் குறித்துக் கொடுத்தார். திருப்பூரைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். போனஸை வாங்கிக்கொண்டு, கிடைத்த பஸ்ஸில் தொற்றி வெளியூர்க்காரர்கள் நாங்களெல்லாம் ஊருக்கு ஓடுகிற வாரம் அது. திரும்பி வந்து விசாரித்தால், "ஊடு ஊடாக் கேட்டாச்சுங்க, யாரும் வேண்டாம்னுட்டாங்க" என்றார். பூட்டின கதவிடமா கேட்டாய், பாவி மனுஷா! வாய்விட்டுச் சொல்லவில்லை. "சரிங்க" என்றேன். இந்த ஊர் மரியாதையை அதற்குள் நானும் கற்றுக்கொண்டிருந்தேன்.

கம்பெனியில் துணி சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் என்னோடு நிற்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மாநகராட்சி ஆபீஸில் முறையிட்டேன். அங்கிருந்த மேடம், மறுபடி கேட்கிறோம், எல்லாரும் இருக்கிற நாளாகச் சொல்லுங்கள் என்றார். நான் யோசிக்கவே இல்லை. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். எங்கள் தெருவில் சொந்த வீட்டுக்காரர்கள் பூராவும் வீட்டுக்காரரின் பங்காளிகள். அன்றைக்கு அத்தனை பேரும் மூலனூர்ப் பக்கம் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போகிறார்கள் என்று அவர் மனைவியே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். மேடம் வந்தபோது பெரிய கேட்டுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. லைன் வீடுகள்தான் திறந்திருந்தன. எல்லா வாசலிலும் பூங்கா வேண்டும் என்றே பதில். அன்றைக்கு நானும் கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். அப்படி ஒரு ருசியை நான் கண்டதே இல்லை.

மறுநாள் வீட்டுக்காரர் வந்து நின்றார். "என்னங்க அம்மிணி, நாங்க இல்லாத நேரம் பாத்துப் பண்ணிப்போட்டீங்களே?"

"தீபாவளிக்கு எங்க ஊடு பூட்டியிருந்துச்சுங்க. இப்ப உங்க ஊடு."

அவர் முகம் கறுத்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "நானும் மனுக் கொடுத்திருக்கறனுங்க. இன்னொருக்கா கேக்க வருவாங்க. ஏனுங்க, பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போவீங்கல்ல?"

இன்றைக்கு ஊரில் அம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். லைனில் இருப்பதெல்லாம் எங்கள் பக்கத்து ஜனம்தான்; மற்ற எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். செல்வி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேச மாட்டேன் என்கிறாள். ஆபீஸ்காரர்கள் வந்தால் வேண்டும் என்று சொல்ல ஒரு வாயாவது இருக்க வேண்டுமே என்று கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் அம்மா அழுகிறாள். அவளுக்குப் பின்னால் கொட்டுச் சத்தம் கேட்கிறது.

"வருஷத்துக்கு ஒருக்கா சாமி கும்பிட வர முடியாதா? அங்க அப்படி என்னடி இருக்கு ஒனக்கு?"

"ஒரு காலி இடம் இருக்கும்மா. நான் வந்தா அதுவும் போயிரும்."