ஒன்பது விரல்

தொண்ணூறுகளின் கடைசியில், பல்லாவரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட் மேஸ்திரியாக இருந்தேன். வீடு தாம்பரம். வேலை முடிந்து ரயிலில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார். போகட்டும், எனக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும்.

தோலைப் பெரிய மரப் பீப்பாயில் போட்டுச் சுழலவிட்டு மருந்து ஊற்றுவதுதான் வேலை. பீப்பாயை டிரம் என்போம். டிரம்கள் ஓடும்போது பக்கத்தில் கத்தினாலும் காதில் விழாது. அதனால் எல்லாம் எண்தான். வேலைத்தாளில் எத்தனையாவது வேலையோ, மேஸ்திரி அத்தனை விரலைக் காட்டுவார். முடிந்த வேலையின் எண்ணை டிரம்மில் சாக்பீஸால் எழுதுவோம். ஆட்களுக்கு எண்கள் மனப்பாடம்; மேஸ்திரிகள் தாளைப் பார்த்துத்தான் காட்டுவோம். ஏழு, சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரை வடிப்பது. எட்டு, கழுவுவது. ஒன்பது, ஆசிட். கழுவாமல் ஆசிட் ஊற்றினால் விஷவாயு கிளம்பும். நாலு மூச்சு இழுத்தால் ஆள் காலி.

அந்த வாரம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய வேலைத்தாளை அதில் அடித்து மேஸ்திரிகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். அதே தாள்தான் என்றார் மேனேஜர். நம்பினோம்.

நான் ஷிப்டுக்குள் நுழைந்தபோது ஒரு டிரம்மில் 8 என்று எழுதியிருந்தது. காலை மேஸ்திரி எழுதியது. என் தாளைப் பார்த்தேன். ஒன்பது, கழுவவும். டிரம் பக்கத்தில் நின்றவனுக்கு ஒன்பது விரலைக் காட்டினேன். அவன் தலையாட்டினான்.

கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினேன். அவன் கையில் தண்ணீர்க் குழாய் இல்லை. ஆசிட் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தான்.

கத்தினேன். கேட்கவில்லை. ஓடினேன். ஈரத்தரையில் வழுக்கி விழுந்து முட்டி கிழிந்தது. நிமிர்ந்தால் அவன் கேனின் மூடியைத் திருகுகிறான். அவனிடம் போய்ச் சேர முடியாது என்று தெரிந்துவிட்டது. மெயின் சுவிட்ச் சுவரில், என் பக்கம் இருந்தது. பாய்ந்து இழுத்தேன். டிரம்கள் முனகிக்கொண்டே நின்றன.

"ஊத்தாதே!"

இப்போது கேட்டது. கேனைக் கீழே வைத்தான்.

"இன்னா மேஸ்திரி, நீதானே ஒம்போது காட்டுன? எட்டுன்னு எழுதிக்கீது. கழுவியாச்சுன்னுதானே ஆசிட்ட எடுத்தேன்?"

"இன்னும் கழுவவே இல்லடா. ஊத்தியிருந்தா நீ போய்ச் சேர்ந்திருப்பே."

என் தாளை வாங்கிப் பார்த்தான். "அப்ப பத்தாவது நம்பர் இன்னா, எனக்கு மாலையா?" என்று சிரித்தான்.

தாளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். ஏழாவது வேலை கொஞ்சம் நீளம். பாதியில் மடக்கி அடுத்த வரியில் அடித்திருந்தார்கள். அந்தப் பாதிக்கு எட்டு என்று தனி எண். அதற்குப் பின் எல்லாம் ஒன்று கூடிவிட்டது. வடித்து முடித்ததும் காலை மேஸ்திரி இந்தத் தாளைப் பார்த்துத்தான் 8 என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

டைப் அடித்த பெண் அழுதுவிட்டாள். "நான் போடல சார். என்டர் தட்டினா அதுவே நம்பர் போட்டுக்குது."

"சின்ன விஷயம், விடுப்பா" என்றார் மேனேஜர்.

"சின்ன விஷயமா? நீங்க வந்து டிரம் பக்கத்துல மூச்சு இழுத்துப் பாருங்க சார்" என்றேன்.

அந்தப் பெண் தாம்பரத்தில் தான் கம்ப்யூட்டர் படித்த இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டே என்டர் தட்டினால் வரி மட்டும் மடங்கும், எண் ஏறாதாம். என் கண்ணெதிரே தட்டிக் காட்டினாள். ஒன்பது மறுபடி ஆசிட்டுக்கு வந்தது. பழைய தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்த பிறகுதான் சுவிட்சைப் போடவிட்டேன்.

இன்றைக்கும் யாரிடம் வேலை சொன்னாலும், என்ன செய்யப் போகிறாய் என்று அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்கிறேன்; எரிச்சல்படுகிறார்கள், படட்டும், எரிச்சல்பட ஆள் உயிரோடு இருந்தால் எனக்குப் போதும்.